மேலே சொன்னேன், வெளியே சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராகப் பணி நிறைவு பெற்றவன் நான். மேட்டுப்பாளையத்திலிருந்து இருபத்தாறு வயதில் மலையேறி வந்தேன்; இப்போது எழுபத்து மூன்று ஆகிறது. பசுந்தேயிலை விலை, குடிநீர், மண்சரிவில் அடைபட்ட சாலை என்று தங்கள் நாளிதழுக்கு முன்பு சில கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இது அவற்றைப் போன்றதன்று, சற்று நீளமானதும்கூட. இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், என் தவற்றைப் பற்றி எழுதியுள்ள பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியில் மிகுந்த மதிப்புக்குரிய ஒரு பெரியவருக்குப் பாராட்டு விழா எடுக்க ஏற்பாடுகள் நடக்கின்றன. அவர் எங்கள் பள்ளியின் தாளாளராக இருந்தவர். அவருக்குக் கீழ் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், விழா மலருக்கு ஒரு வாழ்த்துரை தருமாறு விழாக் குழுவினர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து கேட்டனர். ஒப்புக்கொண்டு, மறுநாளே எழுத உட்கார்ந்தேன். பேருந்து எட்டாத குடியிருப்புகளுக்கு அவர் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் நடந்தே போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்ததையும், மானியம் தாமதமான மாதங்களில் விடுதிக்கு அரிசி வாங்கத் தம் நிலப் பத்திரத்தை அடகு வைத்ததையும், எங்கள் பள்ளியில் படித்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பழங்குடி மாணவிக்குத் தம் கையாலேயே பெட்டி வாங்கிக் கொடுத்ததையும் எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்தது. ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் அவரும் நானும் அறிந்த ஒன்று அந்த இரண்டு பக்கத்திலும் இடம்பெறாமல் நின்றது. அதை விட்டுவிட்டுக் கீழே கையெழுத்திட என்னால் முடியவில்லை. எழுத இயலாது என்று குழுவினரிடம் சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்டார்கள். அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1990களின் நடுப்பகுதியில் எங்கள் பள்ளியோடு ஒரு மாணவர் விடுதி இருந்தது. ஊர், ஆண்டு, குடியிருப்பு எதையும் இதற்கு மேல் விளக்க மாட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குழந்தை இன்று நடுவயது மனிதராகிவிட்டாலும் அந்த வரம்பைக் காப்பது என் பொறுப்பு என்றே கருதுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும், விடுதியில் சமையல் செய்த அம்மையார் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், தனியே அழைத்துக் கேட்டபோது அவன் சொன்னதை ஓர் ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று தமக்குத் தெரியவில்லை என்றும் தொடங்கினார். பிறகு சொன்னார். விடுதிக் காப்பாளர் இரவில் அவனைத் தம் அறைக்கு அழைத்திருக்கிறார்; அது ஒரு முறையோடு நிற்கவும் இல்லை. அந்த அம்மையாருக்குச் சொற்கள் தடுமாறினவே தவிர, எனக்குப் புரியாமல் போகும்படி அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. "போலீசுக்குச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். "அவசரப்படாதீங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அன்று மாலையே தாளாளர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தள்ளிப்போடவில்லை, எதையும் மறைக்கவில்லை, மென்று விழுங்கவும் இல்லை என்று இத்தனை ஆண்டுகளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் முகம் வெளிறிப்போனது. நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "நீங்க சொல்லிட்டீங்க இல்லையா, இனி இது என் பொறுப்பு" என்றார். தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கியது போல இருந்தது எனக்கு. நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன். இன்று என்னை உறுத்துவது அந்த நிம்மதிதான். ஏனென்றால் அந்த மாணவன் அன்றிரவும் அதே விடுதியில், அதே காப்பாளரின் பொறுப்பில்தான் படுத்திருந்தான்.

பத்து நாளில் காப்பாளர் போய்விட்டார். அதே நிர்வாகம் சமவெளியில் நடத்திய இன்னொரு விடுதிக்கு அவருக்கு மாற்றல் கிடைத்தது. ஆசிரியர் அறையில் தேநீர் கொடுத்து வழியனுப்பினார்கள். நானும் அங்கே இருந்தேன். மாணவன் அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது, காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நீண்ட நாள் வருகையின்மை' என்று என் கையாலேயே எழுதினேன். சமையல் அம்மையாருக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லை. ஆள் அதிகம் என்றார்கள். நான் ஏனென்று கேட்கவில்லை.

அன்றைக்கு என் மனச்சான்றுக்கு நான் சொன்ன பதில், உரியவரிடம் தெரிவித்துவிட்டேன் என்பது. அந்தப் பதில் எவ்வளவு வெற்றானது என்பதை எனக்குக் காட்டியது 2011 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி. பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜோ பட்டர்னோ என்பவர் 1966 முதல் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். வெற்றிகளுக்காக மட்டுமல்லாமல் ஒழுக்கத்துக்காகவும், மாணவர்கள் படிப்பைக் கைவிடக் கூடாது என்ற கண்டிப்புக்காகவும் நாடே அவரை மதித்தது; பல்கலைக்கழக நூலகத்துக்குப் பெரும் நன்கொடை கொடுத்து, அந்த நூலகத்தில் தம் பெயரும் பொறிக்கப்பெற்றவர். அவருக்குத் துணைப் பயிற்றுநராக நெடுங்காலம் இருந்த ஜெரி சாண்டஸ்கி, ஏழைச் சிறுவர்களுக்கென 1977இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அந்தச் சிறுவர்களையே சீரழித்தவர். 2001 பிப்ரவரியில் பல்கலைக்கழகக் குளியலறையில் ஒரு சிறுவனோடு சாண்டஸ்கி இருந்த நிலையைக் கண்ட இளம் உதவியாளர் ஒருவர் மறுநாள் காலை பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அதற்கடுத்த நாள் பட்டர்னோ தமக்கு மேலிருந்த விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார். அவ்வளவுதான். அந்தப் படியிலிருந்து மேலே போன செய்தி அரசின் காதுக்கு எட்டவே இல்லை. காவல் துறைக்கு எவரும் சொல்லவில்லை. 2001க்குப் பின்னும் பல ஆண்டுகள் சிறுவர்கள் அந்த மனிதரின் கையில் சிக்கினார்கள். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் சாண்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 30 முதல் 60 ஆண்டுகள் வரை சிறை விதித்தார்கள்.

பட்டர்னோ மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. தமக்கு மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அன்றைக்கு அவருக்கு இருந்த சட்டக் கடமை. அதை அவர் நிறைவேற்றியிருந்தார். ஆயினும் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது தெரிந்தவருக்குச் சட்டத்துக்கு அப்பாலும் ஓர் அறக்கடமை உண்டு என்று அந்த மாநிலக் காவல் துறைத் தலைவர் வெளிப்படையாகப் பேசினார். நாற்பத்தாறு பருவங்கள் அணியை நடத்தியவரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது என அவரே அறிக்கை விட்டார். இரண்டரை மாதத்துக்குள் இறந்தும் போனார். 2012 ஜூலையில் அவர் சிலையை விளையாட்டரங்க வாசலிலிருந்து அகற்றினார்கள். நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றே. அவருக்குக் கீழிருந்த இளைஞர் வீட்டுக்கு வந்து சொன்னார்; எனக்குக் கீழிருந்த அம்மையார் அறைக்கு வந்து சொன்னார். இருவருமே அதை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டுக் கையைக் கழுவினோம். அங்கே பத்தாண்டு கழித்தாவது உண்மை வெளிவந்தது. எங்கள் விடுதியைப் பற்றி இன்றுவரை எவரும் எழுதவில்லை.

பெரிய மனிதர்களிடம் ஒரு செய்தி வந்து சேர்வதற்கும் நின்றுபோவதற்கும் காரணம் ஒன்றே என்பதை அதன்பின் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையில் ஒரு தாய்க்கோ சமையல் செய்பவருக்கோ தோட்டத் தொழிலாளிக்கோ இப்படியொரு செய்தி தெரிந்தால், நேரே காவல் நிலையத்துக்குப் போக அவர்களுக்குக் கால் எழாது. தலைமை ஆசிரியரிடம், பங்குத்தந்தையிடம், டாக்டரிடம், எஸ்டேட் மேலாளரிடம், தொழிற்சங்கத் தலைவரிடம், ஊர்ப் பெரியவரிடம் போவார்கள். தங்கள் சொல் அம்பலம் ஏறாது, இவர் சொன்னால் ஏறும் என்று நம்பித்தான் போகிறார்கள். சொல்லி முடித்தபின், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற எண்ணத்தில் திரும்பிப் போகிறார்கள், வேறெவரிடமும் போவதில்லை. ஆகவே அந்தப் பெரியவர் சும்மா இருந்தால், ஒருவர் வாய்திறக்கவில்லை என்ற கணக்கோடு அது முடிவதில்லை. பேசத் துணிந்த ஒருவரின் பேச்சும் அவரோடு அடங்கிப்போகிறது. வழிப்போக்கன் ஒருவன் காணாதது போலக் கடந்து போவதைவிட இது பன்மடங்கு கொடியது. மதிப்பு என்று எங்களுக்கு ஊர் கொடுத்ததே, இம்மாதிரி நேரத்தில் எங்களிடம் வரலாம் என்ற நம்பிக்கையைத்தான். அதை மாலையாக வாங்கிக்கொண்டோம், பொறுப்பாக வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்பதைத் தாளாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் அறியாமல் எழுதுவது முறையன்று. அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. கோபப்படவில்லை. "அன்னிக்குப் போலீஸ் வந்திருந்தா விடுதியை மூடியிருப்பாங்க. முன்னூறு பிள்ளைங்க திரும்பவும் காட்டுக்குப் போயிருக்கும். ஒரு பையனுக்காக நான் முன்னூறு பேரைப் பார்த்தேன்" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார், இன்றும் நம்புகிறார். பெயரையும் பதவியையும் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே அவர் வாய்மூடியிருந்தார் என்று நான் எழுதினால் அது அநியாயம். அதனால்தான் இந்த வாதத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல நிறுவனங்களில் நல்ல மனிதர்கள் இப்படித்தான் சறுக்குகிறார்கள்.

முதலாவது, அந்த முன்னூறு பேரையும் காப்பாற்றியதாகச் சொல்ல எங்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? காப்பாளர் அழைத்தது அந்த ஒரு மாணவனை மட்டுந்தானா என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அஞ்சினோம். இரண்டாவது, அவரை அனுப்பி வைத்த சமவெளி விடுதியிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் கணக்கில் இடமில்லை. முன்னூறு என்ற எண்ணில் எங்கள் முன்னூறு பேர் மட்டுமே அடங்கினார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அந்த ஒரு மாணவன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாக, வக்கீலோ வட்டாட்சியரோ பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால், முன்னூறு பேரின் கல்வி என்ற வாதம் எங்கள் வாயில் வந்திருக்காது. அவன் பெற்றோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்; மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கூட அவர்கள் வரவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத பிள்ளை என்பதால்தான் அவனை ஒன்று என்று எண்ண எங்களுக்கு முடிந்தது.

நடந்ததை நாங்களே வெளியே சொல்லியிருந்தால் விடுதி மூடப்பட்டிருக்கும் என்பதும் உறுதியில்லை. காப்பாளர் மீது நடவடிக்கை எடுத்த நிர்வாகம் என்ற பெயரோடு அது நடந்திருக்கலாம். அந்த விடுதி பின்னர் மாணவர் சேர்க்கை குறைந்து, வேறு காரணத்தால், எப்படியும் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது உரமூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள்.

அன்று எங்களுக்கு இருந்தது அறக்கடமை மட்டுமே. இன்று அது சட்டக் கடமையும்கூட. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்தது என்று தெரிந்தவரோ நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ எவராயினும், சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தலைமை ஆசிரியரிடம் சொன்னால் போதும் என்றோ, தாளாளரிடம் சொன்னால் போதும் என்றோ அதில் ஓரிடத்திலும் இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் தண்டனை ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பெரியவருக்குப் பெரிய பொறுப்பு என்று சட்டமே வகுத்திருக்கிறது. பென்சில்வேனியாவிலும் சாண்டஸ்கி வழக்குக்குப் பின் 2014இல் சட்டத்தைத் திருத்தி, மேலதிகாரியிடம் சொல்வதோடு கடமை முடியாது, நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். படி ஏற்றிவிடும் பழக்கத்தை அங்கும் இங்கும் சட்டம் ஒரே விதமாக அறுத்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் வழங்கிய தீர்ப்பு ஒன்றும் எங்கள் மலைக்கு மிக நெருக்கமானது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு அது. அவர்களுக்கு மருத்துவம் பார்த்த டாக்டருக்கு நடந்தது தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது கடுமையான குற்றம், குற்றவாளியைக் காக்கும் முயற்சி என்று கூறியது. இதை ஆசிரியர்கள் கூட்டங்களில் நான் சொல்லும்போதெல்லாம் சிலர் திகைத்துப் போகிறார்கள். சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும், தம் கடமை மேலிடத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பதோடு முடிகிறது என்று எண்ணுவோர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

சமயத் தலைவர்களும் இதற்கு விலக்கில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகினார். திருச்சபையோடு தொடர்புடைய முகாம்களை நடத்திய ஜான் ஸ்மைத் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடுமைப்படுத்தியது 2013இல் தமக்குத் தெரியவந்தும், அது முறையாகத் தொடரப்படுகிறதா என்று உறுதி செய்யவில்லை என்பதே அவர் மீதான குறை. காவல் துறைக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்று தாம் நம்பியதாக அவர் கூறினார். அந்த வரியை வாசித்தபோது எங்கள் தாளாளர் வீட்டிலிருந்து நான் நிம்மதியாக நடந்து வந்த மாலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி எங்கள் மலைக்கே உரிய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று அரசு ஊழியர்கள் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். குடித்துவிட்டு வருபவரை, கணக்கில் கைவைத்தவரை, மேலிடத்தோடு சண்டை போட்டவரை மலையேற்றிவிட்டால் கீழே பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு நடைமுறை நெடுநாளாக இருந்து வருகிறது. பிள்ளைகளிடம் தவறாக நடந்ததாகப் பேச்சு எழுந்தவர்களையும் இவ்வாறே நகர்த்தியதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். எழுத்தில் எதுவும் இருக்காது, ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் எச்சரிக்கையாக மட்டும் அது இருக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகள்தாம் பெற்றோர் கண்ணிலிருந்து மிகத் தொலைவில் இரவைக் கழிக்கிறார்கள். அவர்களிடையே தனியே விடப்படக் கூடாத ஒருவரை அனுப்பி வைப்பதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? நாங்கள் மலையிலிருந்து ஒருவரைக் கீழே அனுப்பினோம். வேறு சிலர் கீழிருந்து மேலே அனுப்பினார்கள். இரண்டும் ஒரே பாவம். புகாருக்கு உள்ளானவரின் பணிப் பதிவேட்டோடு அந்தப் புகாரும் போக வேண்டும் என்பதையும், விசாரணை முடியும்வரை அவரைக் குழந்தைகள் தங்கும் எந்த இடத்திலும் அமர்த்தக் கூடாது என்பதையும் கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் தனியார் நிர்வாகங்களும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். விடுதிப் பணியாளர்கள் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. ஆனால் எவரும் புகாரே கொடுக்காதபோது அந்தச் சரிபார்ப்பில் என்ன கிடைக்கும்? எங்கள் காப்பாளரின் பெயரை எந்தக் காவல் நிலையத்தில் தேடியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. அதற்கு நாங்களே காரணம்.

தெரிவித்தால் குழந்தை அலைக்கழிக்கப்படும் என்று சொல்லித் தயங்குவோர் உண்டு. இந்தத் தயக்கத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக உதகை மகளிர் நீதிமன்றத்துக்கு வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வழியில் ஒரு மரம் விழுந்தாலே அன்றைய நாள் போயிற்று. தாய்க்கு அன்றைய கூலியும் போயிற்று. ஆனால் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பணியர் மொழி மட்டுமே சரளமாகப் பேசும் குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவும் சட்டத்தில் இடமுண்டு. இவையெல்லாம் ஏட்டில் உள்ளபடி நடக்க, பக்கத்தில் யாரேனும் ஒருவர் நின்று கேட்டு வாங்க வேண்டும். அங்கேதான் பெரிய மனிதருக்கு வேலை இருக்கிறது. தம் ஜீப்பில் அந்தத் தாயை ஏற்றிக்கொண்டு போகலாம், ஒரு நாள் கூலியைக் கொடுக்கலாம், காவல் நிலையத்தில் அவர் பக்கத்தில் உட்காரலாம். மதிப்பு என்பது அங்கே பயன்படாமல் வேறு எங்கே பயன்படப் போகிறது?

பொய்ப் புகாராக இருந்துவிட்டால் ஒருவரின் வாழ்க்கை கெட்டுவிடுமே என்ற அச்சமும் நியாயமானதே. உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைச் சட்டம் தெரிவிப்பவரின் தலையில் வைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்கு 19ஆம் பிரிவே பாதுகாப்புத் தருகிறது. விசாரிக்கத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்லது. நான்கு பெரியவர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் விசாரணையில் நிரபராதியும் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள முடியாது. வளரிளம் பருவத்தினர் தாமே விரும்பிப் பழகும் உறவுகளில் இந்தக் கட்டாயத் தெரிவிப்பு வேறுவிதச் சிக்கலை உண்டாக்குகிறது என்பதை மருத்துவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அத்தகைய சிறுமியர் கருக்கலைப்புக்கு வரும்போது அவர்கள் வேண்டினால் மருத்துவர் அடையாளத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று கூறியது. அது தனியே பேச வேண்டிய செய்தி. ஏழாம் வகுப்புச் சிறுவனும் விடுதிக் காப்பாளரும் பற்றிய செய்தியில் அத்தகைய ஐயத்துக்கு இடமே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து வணங்கினார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் எனக்கு நா எழவில்லை. தம் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார். "ஹாஸ்டல் இல்லாத பள்ளிக்கூடமா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. நானும் இரண்டு பள்ளிகளின் பெயரைச் சொல்லிவிட்டு, பேருந்து வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன். இரண்டாம் முறையும் அவரைவிட்டு நான் நடந்து போய்விட்டேன் என்பது ஊட்டி வந்து சேர்வதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. திரும்பிப் போகும் துணிவு வர நான்கு ஆண்டுகள் ஆயின. வாழ்த்துரையை நிறுத்திவிட்ட பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த அக்காகிட்ட சொன்னேன். அவங்க உங்ககிட்ட சொன்னதும் எனக்குத் தெரியும். நீங்க கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு தமிழ் பீரியட்ல எல்லா நாளும் உட்கார்ந்திருந்தேன் சார்."

அவருடைய ஒப்புதலைக் கேட்டேன். "என் பேரு வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க சொல்லுங்க" என்றார். அதன்படி, எனக்கு அன்று தெரிந்ததையும், தெரிந்த பின் நான் செய்யாததையும் எழுத்தில் காவல் துறையிடம் கொடுத்து, அதற்கான ரசீதும் பெற்றிருக்கிறேன். அந்தக் காப்பாளர் எங்கெங்கே பணியாற்றினார் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, பழைய பதிவேடுகள் இல்லை என்று பதில் வந்தது. சமையல் அம்மையாரைத் தேடினேன், காலமாகிவிட்டார். அந்த விடுதியில் சட்டமும் சம்பளமும் படிப்பும் பதவியும் இருந்த எங்களுக்குத் தோன்றாத ஒரே சரியான கேள்வியை அவர்தாம் கேட்டார். விழா மலரில் யாரேனும் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம் என்றால் அவரைப் பற்றி எழுதத் தயாராக இருக்கிறேன் என்று விழாக் குழுவினருக்குத் தெரிவித்திருக்கிறேன்.

என் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்துள்ளேன். ஒளிந்துகொள்வதற்காக அவற்றைத் தனியே தரவில்லை. என் பெயர் வெளிவந்தால் பள்ளி தெரியும்; பள்ளி தெரிந்தால் அந்த ஆண்டில் படிப்பை நிறுத்திய மாணவன் யார் என்று ஊருக்குள் விரல் நீட்டுவார்கள். ஆகவே அச்சில் வேண்டாம். அதே விடுதியிலோ, அந்தக் காப்பாளர் பின்னர் போன இடத்திலோ தங்கிப் படித்த எவரேனும் இதை வாசித்துத் தங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொண்டால், தயங்காமல் என் எண்ணைக் கொடுங்கள். காவல் நிலையமோ நீதிமன்றமோ, எங்கே வரச் சொன்னாலும் வந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.